கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டி: காம்ப்ரிஹென்சிவ் தேர்வுக்குத் தயாராவது எப்படி

பிஎச்டியில் சேர்ந்து கோர்ஸ் வொர்க் முடியப்போகிற நேரத்தில் காம்ப்ரிஹென்சிவ் தேர்வைப் பற்றி, அதாவது ஆராய்ச்சியில் முழுதாக இறங்குமுன் அடிப்படைப் பாடங்களில் பிடி இருக்கிறதா என்று பேராசிரியர்கள் பார்க்கும் தேர்வைப் பற்றி, சீனியர்கள் ஒவ்வொருவராகக் கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். ஒருவரை மணிக்கணக்கில் போர்டு முன்னால் நிறுத்திவைத்தார்களாம், இன்னொருவரை பிடெக் இரண்டாம் வருடக் கேள்வி ஒன்றிலேயே மடக்கிவிட்டார்களாம். கேட்கக் கேட்க வயிற்றைக் கலக்கும். அந்தக் கதைகளில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் இந்தத் தேர்வில் திணறுகிறவர்களில் படிக்காமல் வந்தவர்கள் குறைவு. நன்றாகப் படித்திருப்பார்கள், ஆனால் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிற மாதிரி படித்துவிட்டு வாய்மொழித் தேர்வில் வந்து நிற்பார்கள். எங்காவது எழுத்துத் தாள் இருந்தாலும் கடைசியில் தீர்மானிப்பது வைவாதான். அதனால் இது பேசிக் காட்ட வேண்டிய தேர்வு, பேசிப் பேசித்தான் தயாராக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் ஐஐடிகளிலும் அதுபோன்ற இந்திய நிறுவனங்களிலும் நடக்கும் தேர்வைப் பற்றி. வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இந்த மாதிரித் தேர்வுகளுக்கு இடத்துக்கு இடம் வேறு பெயர், பெயரை நம்பாதீர்கள், அந்தத் துறையின் விதியைப் பாருங்கள். பெர்க்லியில் ப்ரிலிம் முதலில், குவாலிஃபையிங் பிறகு. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னில் குவாலிஃபையிங் முதலில், ப்ரிலிம் பிறகு. கார்னலில் ஏ எக்ஸாம், பி எக்ஸாம் என்று இரண்டு, இரண்டாவதுதான் ஆய்வேட்டுத் தேர்வு. எம்ஐடியில் பாடத் தகுதியை எடுத்த கோர்ஸ்களின் கிரேடை வைத்துப் பார்க்கிறார்கள், ஆராய்ச்சித் தகுதிக்குத் தனியாக ஒரு தேர்வு. தயாராகும் முறை மட்டும் எல்லா இடத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் விதியைப் படியுங்கள்

சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே இதைச் செய்துவிடலாம், யாரும் செய்வதில்லை. ஐஐடிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை, அங்கே பிஎச்டி விதிகளை அந்தந்த செனட்தான் வகுக்கிறது. பல்கலைக்கழகங்களில் என்றால் யுஜிசியின் 2022 விதிமுறைகள்: கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட், அதில் குறைந்தது 55 சதவீதம் அல்லது அதற்கு இணையான கிரேடு எடுத்தால்தான் ஆராய்ச்சியைத் தொடர முடியும். இதற்கு மேல் துறையும் தன் பங்குக்கு விதி வைத்திருக்கும். நீங்கள் தேட வேண்டிய விஷயங்கள் இவை: சேர்ந்து எத்தனை செமஸ்டருக்குள் தேர்வை முடிக்க வேண்டும், அதற்கு முன் கோர்ஸ் வொர்க்கில் எவ்வளவு சிஜிபிஏ வேண்டும், எழுத்துத் தாள் உண்டா அல்லது வைவா மட்டுமா, எத்தனை பாடம், பாடங்களை யார் முடிவு செய்வது, முதல் தடவை தேறாவிட்டால் இரண்டாவது வாய்ப்பு எவ்வளவு இடைவெளியில். பிடெக் முடித்து நேரடியாக வந்தவர்களுக்கும் எம்டெக் முடித்து வந்தவர்களுக்கும் கோர்ஸ் எண்ணிக்கையும் கெடுவும் வேறாக இருக்கும், ஆகவே ரூம்மேட் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கைடுக்குக்கூட புதிய விதி தெரியாமல் இருக்கலாம். அகாடமிக் செக்ஷனில் பிஎச்டி ஃபைல்களைப் பார்க்கும் ஊழியரிடம் போய் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், எந்தப் படிவத்தை எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்பதில் அவரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடையாது.

இன்னொன்று, பணம். 2023 ஜனவரி முதல் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000 ரூபாய். இந்த உயர்வு தானாக வருவதில்லை, உங்கள் டாக்டோரல் கமிட்டி (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) முன்னேற்றத்தைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அந்த நேரத்தில் காம்ப்ரிஹென்சிவ் முடிந்திருப்பது நல்லது, பல துறைகளில் அதைக் கேட்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிற ஸ்காலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கமிட்டியும் பாடங்களும்

டாக்டோரல் கமிட்டி என்பது உங்கள் கைடு, துறையின் வேறு சில பேராசிரியர்கள், பெரும்பாலும் வெளித்துறையிலிருந்து ஒருவர். அந்த வெளித்துறைக்காரரைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பலரும் செய்வது. அவர் கணிதத்திலிருந்தோ எலெக்ட்ரிகலிலிருந்தோ வந்திருப்பார், உங்கள் பேப்பரில் என்ன புதுமை என்று கேட்கமாட்டார், "நீங்கள் எழுதிய இந்த எக்ஸ்பெக்டேஷன் எதன் மீது எடுக்கப்படுகிறது?" என்று கேட்பார். அல்லது "இந்த ஃபங்ஷன் கான்வெக்ஸ் என்கிறீர்கள், ஏன்?" என்று கேட்பார். கேட்க எளிதாக இருக்கும், பதில் சொல்ல ஆரம்பித்தால்தான் தெரியும் நாம் அந்தச் சொல்லை எத்தனை நாளாக யோசிக்காமலே பயன்படுத்திவருகிறோம் என்று.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குக் கொஞ்சமாவது இருந்தால், எதில் நல்ல கிரேடு வாங்கினீர்கள் என்று பார்க்காதீர்கள், அடுத்த நாலு வருடம் எதன்மேல் நிற்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். மெஷின் லேர்னிங் என்றால் லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, ஆப்டிமைசேஷன், கூடவே அல்காரிதம்ஸ். சிஸ்டம்ஸ் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், நெட்வொர்க்ஸ். தியரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாடம் முடிவானதும் ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்புகளை ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பாடத்தில் கேள்வி கேட்கப்போகிற பேராசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். "சார், இதுதான் நான் படிக்கப்போகிற எல்லை, ஏதாவது சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமா?" அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் பேசுவார்கள், இரண்டு தலைப்பைச் சேர்த்து ஒன்றை எடுப்பார்கள், பேச்சுவாக்கில் தனக்குப் பிடித்த பகுதி எது என்றும் காட்டிவிடுவார்கள். திரும்பி வந்ததும் அதை மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள், கைடுக்கும் ஒரு பிரதி போகட்டும். கூச்சப்பட்டு இந்தச் சந்திப்பைத் தவிர்க்காதீர்கள். எல்லையே இல்லாத பாடத்தை யாராலும் படித்து முடிக்க முடியாது.

எவ்வளவு நாள், எப்படி

மூன்று மாதம் தாராளமாகப் போதும், அதுவும் அந்த மூன்று மாதமும் உங்கள் கையில் இருந்தால். அதனால் கைடிடம் முன்கூட்டியே பேசி, ப்ராஜெக்ட் வேலையையும் டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்) வேலையையும் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் டெட்லைனும் காம்ப்ரிஹென்சிவும் ஒரே மாதத்தில் வந்தால் இரண்டும் கெடும், தேதியை நகர்த்த முடியுமா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அடிப்படைப் பாடங்களுக்கு கேட் தேர்வின் சிலபஸ் நல்ல சரிபார்ப்புப் பட்டியல். ஆனால் கேட்டுக்குப் படித்த முறை இங்கே உதவாது. அது மூன்று மணி நேரத்தில் 65 கேள்வி, சட்டென்று விடையைப் பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இங்கே ஒரே கேள்வி அரைமணி நேரம் ஓடும். விட்டுப்போன பகுதிகளுக்கு என்பிடெல் வகுப்புகள் இருக்கின்றன, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, இலவசம். ஆனால் வீடியோ பார்ப்பதைப் படிப்பு என்று கணக்கு வைக்காதீர்கள். பார்த்து முடித்ததும் அணைத்துவிட்டு, வெறும் தாளில் அந்த நிரூபணத்தை முதலிலிருந்து எழுத வருகிறதா என்று பாருங்கள், வந்தால்தான் கணக்கு.

கேள்வி எப்படி நீளும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வைவாவில் கேள்விகள் தனித்தனியாக வருவதில்லை, ஒன்றின் வாலைப் பிடித்து அடுத்தது வரும்.

அல்காரிதம்ஸில் ஒரு உதாரணம். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் சொல்லுங்கள் என்பார்கள். சொல்லிவிடுவீர்கள். நெகட்டிவ் எட்ஜ், அதாவது எடை மைனஸில் உள்ள இணைப்பு, இருந்தால்? வேலை செய்யாது என்பீர்கள். ஏன், காட்டுங்கள். இப்போது போர்டில் மூன்று புள்ளி வரைந்து காட்டத் தெரிய வேண்டும்: ஏ-யிலிருந்து பி-க்கு 2, ஏ-யிலிருந்து சி-க்கு 3, சி-யிலிருந்து பி-க்கு மைனஸ் 2. அல்காரிதம் பி-யை 2 என்று முதலில் முடிவு செய்துவிடும், ஆனால் சி வழியாகப் போனால் 1தான். சரி, நிரூபணத்தில் எந்த வரி இங்கே உடைகிறது? பாதையின் மிச்சப் பகுதி தூரத்தைக் குறைக்காது என்று நாம் எடுத்துக்கொண்ட வரி. அப்படியானால் எல்லா எட்ஜுக்கும் 2 கூட்டி நெகட்டிவே இல்லாமல் செய்துவிட்டால்? இங்கேதான் பலர் "ஆமாம், செய்யலாம்" என்று தலையாட்டுவார்கள். அதே படத்தில் போட்டுப் பாருங்கள். நேர்வழி 4 ஆகும், சி வழி 5 ஆகும், இப்போது தவறான பாதை ஜெயித்துவிடும், ஏனென்றால் அதிக எட்ஜ் உள்ள பாதைக்கு அதிகம் கூடிவிட்டது. அப்படியென்றால் எல்லாப் பாதைக்கும் சமமாகக் கூடுகிற மாதிரி எடையை மாற்ற வழி உண்டா? ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பு வைத்து, எட்ஜ் தொடங்கும் புள்ளியின் மதிப்பைக் கூட்டி, முடியும் புள்ளியின் மதிப்பைக் கழித்தால், நடுவில் உள்ளதெல்லாம் அடிபட்டுப் போய் இரண்டு முனைகள் மட்டும் மிஞ்சும். 1977இல் டொனால்ட் ஜான்சன் வெளியிட்ட முறை அதுதான், அந்த மதிப்புகளைக் கண்டுபிடிக்க, நெகட்டிவ் எட்ஜையும் சமாளிக்கும் பெல்மன்-ஃபோர்டு அல்காரிதம் ஒருமுறை ஓட வேண்டும். ஜான்சனின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த இடம்வரை நீங்களாகவே யோசித்து வந்து சேர்ந்தீர்களா என்றுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்க்கிறார்.

ஆர்க்கிடெக்சரில் இன்னொன்று. ப்ராசசருக்கு மிக அருகில் இருக்கும் சிறு நினைவகமான எல்1 கேஷ் 32 கிலோபைட், 8 வழி (ஒரு செட்டில் 8 லைன்), ஒரு லைன் 64 பைட். எத்தனை செட்? 64. அட்ரஸில் ஆஃப்செட்டுக்கு 6 பிட், இண்டெக்ஸுக்கு 6 பிட், மொத்தம் 12. பேஜ் அளவு என்ன? 4 கிலோபைட், அதாவது அதன் ஆஃப்செட்டும் 12 பிட். இந்த இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயலா? இல்லை. பேஜ் ஆஃப்செட் விர்ச்சுவல் அட்ரஸிலும் ஃபிசிக்கல் அட்ரஸிலும் ஒன்றே, ஆகவே டிஎல்பி (அட்ரஸ் மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் சிறு கேஷ்) மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திராமல் அதே நேரத்தில் கேஷ் செட்டைத் தேட ஆரம்பித்துவிடலாம். சரி, கேஷை 64 கிலோபைட் ஆக்கினால்? வழிகளைக் கூட்டாமல் செட்டைக் கூட்டினால் 13 பிட் ஆகிவிடும், ஒரு பிட் மொழிபெயர்ப்புக்கு உட்பட்டதாகிவிடும், ஒரே ஃபிசிக்கல் லைன் இரண்டு செட்டில் உட்கார வாய்ப்பு வந்துவிடும். இன்டெல் பல வருடம் 32 கிலோபைட், 8 வழி என்று வைத்திருந்துவிட்டு ஐஸ் லேக் ப்ராசசர்களில் 48 கிலோபைட்டுக்குப் போனபோது 12 வழி ஆக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், செட் எண்ணிக்கை அதே 64. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடமும் ஆர்க்கிடெக்சர் பாடமும் சந்திக்கும் இப்படிப்பட்ட இடங்களில் இருந்துதான் நல்ல கேள்விகள் பிறக்கின்றன, படிக்கும்போதே இந்தச் சந்திப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டே போங்கள்.

தியரியில் ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் ப்ராப்ளம் என்பி-ஹார்டு (வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத கடினமான வகை) என்று காட்ட, ஏற்கெனவே ஹார்டு என்று தெரிந்ததை உங்களுடையதாக மாற்றிக் காட்ட வேண்டும், உங்களுடையதை அதுவாக அல்ல. எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் போர்டில் பதற்றத்தில் திசை மாறிவிடும். அம்புக்குறி போடுவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

போர்டு முன்னால் பயிற்சி

இப்போது பேசுவதற்கு வருவோம். லேபில் இரண்டு பேரைப் பிடியுங்கள், ஒருவர் உங்கள் ஏரியா, ஒருவர் வேறு ஏரியா. காலியான கிளாஸ் ரூம், ஒரு வைட்போர்டு, ஒரு மணி நேரம். ஸ்லைடு கூடாது, குறிப்பு கூடாது. கேட்பவர்களுக்கு ஒரே வேலை, ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் "ஏன்?" அல்லது "இது இல்லாவிட்டால்?" என்று கேட்பது. வேறு ஏரியாக்காரர்தான் உண்மையில் அதிகம் உதவுவார், அவருக்குப் புரியவில்லை என்றால் உங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு முறை இதைச் செய்தால் ஒரு மாதத்திலேயே மாற்றம் தெரியும். ஃபோனில் பதிவு செய்து கேட்பது சங்கடமாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள், எந்த இடத்தில் வாக்கியத்தைப் பாதியில் விடுகிறீர்கள் என்று அதில்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் படித்து வந்த பலருக்கும் இங்கே ஒரு தடை உண்டு. விஷயம் தெரியும், ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது நின்றுவிடும். தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்து, பிடெக்கில் எழுதி எழுதியே மார்க் வாங்கி வந்தவர்கள் நன்றாக யோசிக்கத் தெரிந்தும் அந்த அறையில் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் சில வாரம் நண்பரோடு தமிழிலேயே விவாதியுங்கள், தர்க்கம் தெளிவாகட்டும். அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். டெஃபினிஷன்களை மட்டும் வார்த்தை பிசகாமல், நாக்குக்குப் பழகும்வரை சத்தமாகச் சொல்லுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரையும் பெயில் போடுவதில்லை. மாறாக, தெளிவாக வரைந்த படம் பாதி மொழிச் சுமையைக் குறைத்துவிடும், ஆகவே எதைச் சொன்னாலும் ஒரு படம் போட்டுச் சொல்லப் பழகுங்கள்.

உங்கள் ஏரியா பேப்பர்கள்

சில துறைகளில் வைவாவின் ஒரு பகுதி நீங்கள் செய்யப்போகிற ஆராய்ச்சியை ஒட்டி இருக்கும். அதற்கு நூறு பேப்பரை மேலோட்டமாகப் பார்ப்பதைவிடப் பத்துப் பதினைந்தை ஒழுங்காகப் படிப்பது மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன பிரச்சினை, எதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள், ஏன் வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வராவிட்டால் அந்தப் பேப்பரை இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டையாவது, முக்கியத் தேற்றத்தையோ வரைபடத்தையோ பார்க்காமல் போர்டில் மீண்டும் கொண்டுவரும் அளவுக்குப் படித்துவிடுங்கள்.

அன்றைக்கு

முந்தின நாள் இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். மார்க்கர் எழுதுகிறதா என்று பார்த்து உங்களுடையதை இரண்டு எடுத்துப் போங்கள்.

கேள்வி வந்ததும் பதில் சொல்ல ஓடாதீர்கள். கேள்வியை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள், மிகச் சின்ன உதாரணம் ஒன்றைப் போடுங்கள், அப்புறம் பொதுவானதற்குப் போங்கள். யோசிப்பதை வாய்விட்டு யோசியுங்கள், நீங்கள் மௌனமாக ஐந்து நிமிடம் நின்றால் அவர்களால் உங்களுக்கு உதவ முடியாது. பேராசிரியர் "அப்படியா?" என்றோ "அந்த இரண்டாவது வரியை மறுபடி பாருங்கள்" என்றோ சொன்னால் அது உதவி, தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள், அந்த வரிக்குப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தாமல், "இந்தத் தேற்றம் எனக்குத் தெரியாது, ஆனால் இங்கிருந்து ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது" என்று ஒரு அடி எடுத்து வையுங்கள். தெரிந்த மாதிரி பாவனை செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த அறையில் இருப்பவர்கள் பல வருடமாக மாணவர்களைப் பார்த்துவருகிறவர்கள், உடனே கண்டுபிடித்து அதே இடத்தில் இன்னும் தோண்டுவார்கள்.

உங்கள் கைடு உங்களுக்காகப் பேசவில்லை என்றால் வருந்தாதீர்கள். பெரும்பாலான கைடுகள் வேண்டுமென்றே அமைதியாக இருப்பார்கள். ஒரு கட்டத்தில் பதில் தெரியாத கேள்வி கண்டிப்பாக வரும், எல்லாருக்கும் வரும். உங்கள் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளும்வரை கேட்பதுதான் அவர்கள் வேலை, ஆகவே அந்தக் கட்டம் வந்ததும் மனது உடைந்து மிச்சக் கேள்விகளையும் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.

முடிவு வந்த பிறகு

தேறிவிட்டீர்கள் என்றால் படிவத்தில் எல்லாருடைய கையெழுத்தும் விழுந்ததா, அகாடமிக் செக்ஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பின்தொடருங்கள், யார் மேஜையிலாவது வாரக்கணக்கில் கிடக்க விடாதீர்கள். சில சமயம் நிபந்தனையோடு தேர்ச்சி கொடுப்பார்கள், இன்னொரு கோர்ஸ் எடு, இந்தப் பாடத்தில் மட்டும் மறுபடி வா என்று. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

தேறவில்லை என்றால், முதலில் இரண்டு நாள் எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்புறம் எந்தப் பாடத்தில் என்ன குறை என்று கமிட்டியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், "பேசிக்ஸ் வீக்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள், அதை வைத்து யாரும் தயாராக முடியாது. பெரும்பாலான இடங்களில் இரண்டாவது வாய்ப்பு உண்டு, இரண்டாம் முறை தேறி நல்ல ஆய்வேடு எழுதியவர்கள் எல்லா நிறுவனத்திலும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்த்தால் சொல்வார்கள். தூக்கம் போய்விட்டது, யாரிடமும் பேசத் தோன்றவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வளாகத்தின் கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள், லேப் நண்பர் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

தேறினாலும் தேறாவிட்டாலும், அன்று மாலையே உட்கார்ந்து கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் எழுதிவிடுங்கள், முக்கியமாகப் பதில் தெரியாதவற்றை. அடுத்து, என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறீர்கள் என்று விளக்கும் ப்ரபோசல் செமினார் வரும், ஐஐடி கான்பூர் மாதிரி இடங்களில் ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் செமினார் என்று ஒன்று உண்டு. அங்கேயும் பெரும்பாலும் இதே கமிட்டிதான் உட்கார்ந்திருக்கும், விட்டுப்போன கேள்வியை மறக்காமல் கேட்பவர்கள் அதில் இருப்பார்கள். அப்படியே உங்களுக்கு அடுத்து தேர்வு எழுதப்போகிற ஜூனியருக்கும் அந்தத் தாளின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.